இரண்டாவது தோட்டா

குவாரி அலுவலகத்தின் முன்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி. அவருக்கு வலப்புறம், இரும்பு அலமாரியை ஒட்டி, ஆயுத அறைப் பொறுப்பாளர். சன்னலோர பெஞ்சில், இடக்கண்ணில் கட்டுப் போட்ட நெட்டை. அதே பெஞ்சின் மறுகோடியில், இரண்டு ஆள் உட்காரும் இடம் விட்டு, காவலாளி. மேசைமேல் சாக்கு விரித்து, சம்பவத்துக்குப் பிறகு யாரும் துடைக்காத துப்பாக்கி.

பொறுப்பாளர், காவலாளியின் அக்கா புருஷன். எல்லாருக்கும் தெரிந்ததுதான், யாரும் பேச்சில் எடுக்கவில்லை.

நடந்தது இது. போன வாரம் வெடிமருந்துக் கிடங்கின் பூட்டை உடைக்க மூன்று பேர் வந்தார்கள். காவலாளி வானத்தை நோக்கிச் சுட்டான். வந்தவர்கள் பின்வாங்கினார்கள். ஒருமுறை சுட்டால் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும் துப்பாக்கி அது. அன்றைக்கு ஏறவில்லை. அடுத்த வெடி வராததைக் கண்டு தைரியம் வந்த ஒருவன் கம்பியை வீச, கூடக் காவலுக்கு முன்னால் நின்ற நெட்டைக்குக் கண் போயிற்று. "பயந்து கையை எடுத்துட்டான்" என்று ஆஸ்பத்திரியில் நெட்டை சொன்னது காவலாளியின் காதுக்கு வந்தது. வேலை போகும் என்பதைவிட அதுதான் அவனுக்குத் தொண்டையில் சிக்கிய முள். ஒரே பாயில் மாறி மாறிப் படுத்து வளர்ந்த சிநேகிதம் அது.

"எண்ணெய் போடல, தூசி அடைச்சிருக்கு. அவ்வளவுதானே?" என்றார் அதிகாரி.

"தினமும் போட்டேன் சார்."

"தினமும் போட்டா எப்படிய்யா நிக்கும்?"

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்றான் நெட்டை, சன்னலைப் பார்த்தபடி.

காவலாளி அனுமதி கேட்டு எழுந்தான். உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, தோட்டாவை ஏற்றும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து விட்டான். சடக்கென்று போய் அடைய வேண்டியது, சேற்றில் இறங்கிய மாடு மாதிரி நகர்ந்து, பாதியில் நின்றது. உள்ளே விரலை விட்டு எடுத்தான். நுனியில் கறுப்புக் களிம்பு. கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தபோது நறநறவென்றது. கல்தூசி, எண்ணெயில் குழைந்து கிடந்தது.

நெட்டை எழுந்து வந்தான். தானே இழுத்துப் பார்த்தான். மறுபடியும் பாதியில்.

"நீ விசையை இழுத்தியாடா?"

"இழுத்தேன். திரும்பத் திரும்ப இழுத்தேன்."

நெட்டை துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதை வழிச்சுத் தலையில தடவினா ஒரு மாசத்துக்குச் சீப்பு வேணாம்" என்றான். இருவரும் திரும்பிப் போய் உட்கார்ந்தபோது பெஞ்சில் அவர்களுக்கு நடுவே இடைவெளி இல்லை.

"எண்ணெய் போடலைன்னாலும் நிக்கும்தானே?" அதிகாரி விடவில்லை.

"நிக்கும் சார். ஆனா பம்ப் ஹவுஸ்ல காவலுக்கு நிக்கிற சோம்பேறி இருக்கானே, அவன் துணியில தொட்டுத் தடவுறதோட சரி. தோட்டாப் பெட்டிக்குள்ள சொட்டுகூட விடமாட்டான். போன மாசப் பயிற்சியில அவனுது ஒண்ணுதான் நிக்காம ஓடிச்சு. நாங்க அவனை அதிர்ஷ்டக்காரன்னு சொல்லிச் சிரிச்சோம்."

"அப்ப உன்னை இப்படி ஊத்தச் சொன்னது யாரு?"

பொறுப்பாளர் அலமாரிப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகக் கிடங்கில் வேலை கற்றவர். உப்புக்காற்றில் இரும்பைத் துரு தின்னும் இடம். அங்கே எண்ணெய் வழிந்தால்தான் துப்பாக்கி பிழைக்கும். அந்தப் பாடத்தையே இங்கேயும் எல்லாருக்கும் சொன்னார். மைத்துனன் ஆயிற்றே என்று காவலாளிக்கு மட்டும் ஒரு பாட்டில் கூடுதலாகக் கொடுத்து, "நல்லா ஊத்து மாப்ள" என்று முதுகில் தட்டினார்.

"நானேதான் சார்" என்பது காவலாளிக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இவன் வேலையோடு போகும்; அக்கா வீட்டு அடுப்பு எரியும். ஆனால் வடக்கு வாசலில் நிற்பவனும் அதே மாதிரிதான் ஊற்றுகிறான். கண் கட்டைப் பிரித்ததும் அவனோடு நெட்டைக்கும் அங்கேதான் டியூட்டி. நெட்டைக்கு இன்னும் ஒரு கண் இருக்கிறது.

"அத்தான் சொன்னார் சார். எல்லாருக்கும் சொன்னார்."

அதிகாரி நிமிர்ந்து பொறுப்பாளரைப் பார்த்தார்.

"சொன்னேன்" என்றார் அவர்.

அறிக்கையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தபாலுக்கு அரக்கு வைப்பது ஆயுத அறையின் வேலை. பொறுப்பாளர் மெழுகுவர்த்தி ஏற்றி, அரக்குக் கட்டியைச் சுடரில் காட்டினார். காவலாளி உறையைப் பிடித்துக்கொண்டான்.

"என் வேலை போகப் போறதை அக்காகிட்ட நீயே சொல்லிடு மாப்ள. நான் சொன்னா உன்னைத் திட்டுவா."

"நான் சொன்னாலும் என்னைத்தான் திட்டுவா, அத்தான்."

அவர் சிரிக்கவில்லை. முத்திரையை அழுத்தி, ஆறும்வரை எடுக்காமல் வைத்திருந்தார். பிறகு உறையை டிரைவரிடம் கொடுத்தார். ஜீப் கிளம்பிய தூசி வாசல்வரை வந்தது. காவலாளி துப்பாக்கியைச் சாக்கால் மூடினான்.