புல்லோரத் தண்டல்காரன்

ராட்னி பில்பீமைப் போல ஒரு அற்பனை நான் பார்த்ததில்லை. நாற்பது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் எங்கள் ஊருக்குக் குடி வந்தான். இரண்டே வருஷத்தில் ஊர் மன்றத் தலைவன். வேறு யாரும் போட்டிக்கு நிற்கவில்லை, அதுதான் அவன் பெற்ற வெற்றி.

அவன் வேலிக்கும் சாலைக்கும் நடுவே நாலடி அகலத்துக்குப் புல். அந்தப் புல்லோரத்தை நாங்கள் 'வெர்ஜ்' என்போம். ஊர்ப் பொது இடம் அது. அங்கே தலையளவுக் கற்கள் எட்டுக்கு வெள்ளையடித்து வரிசையாக வைத்துவிட்டான். யார் வண்டியும் புல்லை மிதித்துவிடக் கூடாதாம். ஊரே அவனைத் திட்டியது, அவரவர் வீட்டுக்குள்.

என் அக்கா எனிட்டுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி வண்டி வரும். எங்கள் வீடு ராட்னி வீட்டுக்கு எதிரே. சந்து குறுகல்; இரண்டு சக்கரத்தைப் புல்லில் ஏற்றினால்தான் வண்டி நிற்க முடியும். கற்கள் வந்த பிறகு டிரைவர் சர்ச் முனையிலேயே நிறுத்திவிட்டார். ரத்தம் சுத்தம் செய்துகொண்டு களைத்து வருகிறவள் அங்கிருந்து ஊன்றுகோலோடு நடக்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை, கொட்டுகிற மழையில் நடுவழியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே நான் போகலடா ஆர்தர். செத்தா செத்துட்டுப் போறேன்," என்றாள். அதன்பின் ஒவ்வொரு முறையும் கெஞ்சித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

மன்றக் கூட்டத்தில் எழுந்து, கற்களை எடுக்கும்படி கேட்டேன். ராட்னி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்தான்.

"வெர்ஜ்ங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா ஆர்தர்? லத்தீன்ல அதுக்குக் கோல்னு அர்த்தம். ராஜாவோட அதிகாரி கையில ஒரு கோல் வெச்சிருப்பார். அரண்மனையச் சுத்திப் பன்னெண்டு மைலுக்கு அவர் வெச்சதுதான் சட்டம். அந்த வட்டாரத்துக்கும் அதே பேர். அப்புறம்தான் அது ஓரம்னு ஆச்சு. ஆக, ஓரம்னா சும்மா ஓரம் இல்ல. அதிகாரம்!"

"அப்போ கோல் யார் கையில இருக்கோ, அவங்க பேச்சுதான் செல்லும்?"

"அதேதான். இப்பவாவது புரிஞ்சுதே!"

தடி எடுத்தவன் தண்டல்காரன். இதைச் சொல்ல இவனுக்கு லத்தீன் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த முட்டாள் ஒன்றை மறந்துவிட்டான். சர்ச் ஊர்வலத்தில் பாதிரியாருக்கு முன்னால் வெள்ளிப் பூண் போட்ட கோலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன் நான். அந்தக் கோலுக்குப் பெயரே வெர்ஜ்தான்.

மே மாதம் எல்லை தட்டும் ஞாயிறு வந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே ஊர் எல்லையைச் சுற்றி வந்து, எல்லைக் கற்களைக் குச்சியால் தட்டி, "இது ஊரோடது" என்று சொல்கிற நாள். கோல் போகிற பக்கம்தான் கூட்டமும் போகும். எங்கே போகிறோம் என்று கேட்பது எங்களிடம் மரியாதைக் குறைவு. நான் குளத்தில் இறங்கினாலும் வரிசை கலையாமல் பின்னால் இறங்குகிற ஜனம். ராட்னியும் மன்றத் தலைவருக்குரிய பதவிச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான்.

நேராக அவன் வாசலுக்கே போனேன். முதல் வெள்ளைக் கல்லைத் தட்டினேன்.

"இது ஊரோடது!" என்றது கூட்டம்.

"ஆர்தர், இது எல்லைக் கல் இல்லியே," என்று முனகினான் ராட்னி.

"கோல் யார் கையில இருக்குன்னு பாருங்க ராட்னி."

எட்டையும் தட்டி முடித்தேன். ஜில்லியன் பாதிரியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகத்தில் சிரிப்பே காட்டாமல், "ஊர்க் கல்லுன்னா சர்ச் தோட்டத்துல வெச்சுடலாமே. எட்டுப் பேர் வாங்க. ராட்னி, நீங்களும் ஒண்ணு எடுத்துக்கறீங்களா? சிரமம் இல்லியே?" என்றார்.

"சேச்சே, சிரமமெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றது அவன் வாய். இந்த நாட்டில் அப்படி மரியாதையாகக் கேட்டால் வேறு பதில் கிடையாது. சங்கிலி கல்லில் உரச, தான் வெள்ளையடித்த கல்லைத் தானே சுமந்தான். வழியில் என் காலை மிதித்தவன், மன்னிப்பும் கேட்டான்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வண்டி புல்லில் ஏறி நின்றது. ஏதோ தானே அனுமதி கொடுத்த மாதிரி, ராட்னி ஜன்னலில் நின்று கையசைத்தான். எனிட் பதிலுக்குக் கையசைக்கவில்லை.

"என் கையிலயும் ஒரு கோல் இருக்குடா," என்றாள் என்னிடம். ஊன்றுகோலால் அவன் புல்லில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வண்டியில் ஏறினாள்.