எங்கள் தளத்துக்கு வந்தவர்கள்

மண்ணியல் படிப்பை அடுத்த ஆண்டு நடத்துவதா மூடுவதா என்பதை எங்கள் இணையதளத்தின் வருகைக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யப்போவதாகக் கல்லூரி முதல்வர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிறவளுக்கு இணையத்தில் என்ன வேலை? ஆனால் படிப்பு போனால் என் பிழைப்பும் போகும். கணக்கைப் பார்க்க உட்கார்ந்தேன்.

கணக்கை எடுத்துத் தந்தவர் கல்லூரியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் என் அண்ணி. திரையில் வருகையைக் காட்டும் கோடு மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போனது. எங்கள் துறைத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா? ஊரே நம்ம தளத்துலதான் இருக்கு!"

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "சார், ஆய்வகத்துல கம்ப்யூட்டரைத் திறந்தாலே நம்ம தளம் வர்ற மாதிரி வச்சது யாரு?"

"நான்தான். ஒண்ணு விடாம எல்லாத்துலயும் வச்சிருக்கேன்."

"அப்ப இது ஊர் இல்ல சார். நாமதான்."

கல்லூரிக்குள்ளிருந்து வந்த வருகைகளை அண்ணி கழித்தார். கோடு பொத்தென்று விழுந்து தரையோடு படுத்துக்கொண்டது.

"இதோ ஒருத்தர் தினமும் சேர்க்கைப் பக்கத்துக்கு வந்து ரொம்ப நேரம் இருக்காரே! சேரலாமான்னு யோசிக்கிறார் போல," என்றார் தலைவர் ஆசையாக.

எந்த ஊர் என்று பார்த்தேன். என் சொந்த ஊர். சந்தேகமே இல்லை, அம்மாதான். அந்தப் பக்கத்தில் எங்கள் துறையின் குழுப் படம் இருக்கிறது. 'தினம் உன் மூஞ்சிய அதுல பாத்துக்கறேன்' என்று அவள் சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"பேசாம பழைய கோட்டையே முதல்வர்கிட்ட காட்டிடலாமா?" தலைவரின் குரல் இறங்கிவிட்டது.

"அவர் கண்ணுலயே மண்ணைத் தூவவா?" என்று வெடித்தேன்.

"சண்டைய அப்புறம் போடுங்க, இதைப் பாருங்க," என்றார் அண்ணி.

மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் நான் எழுதிய 'தோட்டத்து மண்ணைச் சோதிப்பது எப்படி' பக்கத்துக்கு வந்தவர்கள். படித்து முடித்து, நேராகச் சேர்க்கைப் பக்கத்துக்குப் போய், போன வேகத்தில் திரும்பியிருந்தார்கள். அத்தனை பேரும் கைபேசியிலிருந்து.

நாங்கள் ஒருவர்கூட எங்கள் தளத்தைக் கைபேசியில் பார்த்ததில்லை. அண்ணி தன்னுடையதில் திறந்தார். குழுப் படம் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. 'விண்ணப்பிக்க' என்ற பொத்தான் தலைவரின் தொந்திக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

தலைவர் திரையைப் பார்த்தார், குனிந்து தன் தொந்தியைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "முதல்ல என்னைக் கீழ இறக்கும்மா!"

படத்தைப் பக்கத்தின் அடியில் இறக்கினோம். முதல்வரிடம் இரண்டு கோடுகளையும் வைத்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"சரி, சேர்க்கை முடியற வரைக்கும் பாப்போம். இடம் நிரம்பினா படிப்பு இருக்கும்."

நிரம்பியது. அடைத்த வாய்க்காலைத் திறந்துவிட்ட மாதிரி விண்ணப்பங்கள் வந்தன. முதல் வகுப்பன்று பக்கத்து அறையிலிருந்து நாற்காலி இழுத்துப் போட வேண்டியதாயிற்று. அந்த முகங்களைப் பார்த்த சந்தோஷத்தில் வருகைப் பதிவை இரண்டு முறை எடுத்தேன்.

மாலையில் அம்மா போன் செய்தாள். "ஏண்டி, உங்க போட்டோவ எங்க கொண்டுபோய் வச்சீங்க? தள்ளித் தள்ளி என் விரலே தேஞ்சுபோச்சு."

பக்கத்தில் இருந்த அண்ணி கண்ணடித்தார். "இனிமே கணக்குலேர்ந்து அத்தையக் கழிச்சிடட்டுமா?"

"கை வச்சுத்தான் பாருங்க!" என்றேன்.