வில்லங்கம் பார்க்கப் போனவள்

கல்லூரி விடுதியிலிருந்து ஆறு பேர் வார விடுமுறைக்கு அந்தக் கடற்கரை நகரத்துக்குக் கிளம்பினார்கள். ஐந்து பேர் கடல் பார்க்கப் போனார்கள். ஆறாவதாகப் போனவள் மாப்பிள்ளை பார்க்கப் போனாள். தனக்கில்லை, அக்காவுக்கு.

வீட்டில் அவள் சின்னவள். வெளிநாட்டுக்குப் படிக்க வந்து எட்டு மாதமாகியும் அந்தப் பெயர் போனில் துரத்திக்கொண்டுதான் இருந்தது. அப்பா பத்திரம் எழுதுகிறவர். முப்பது வருஷமாக ஊரார் நிலத்தில் வில்லங்கம் தேடித் தேடி, மனிதர்களையும் அதே கண்ணால் பார்க்கப் பழகிவிட்டார். அக்காவுக்கு வந்திருந்த வரனுக்கு இந்தக் கடற்கரை நகரத்தில்தான் வேலை. மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கு ஒன்றில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். படிப்பு, குடும்பம், முகம் எல்லாம் சரியாக இருந்தது. அப்பாவுக்கு அதுதான் சரியாகப் படவில்லை.

"இவ்வளவு சுத்தமா ஒரு பத்திரம் இருக்கவே இருக்காது பாப்பா. எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கான். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போ. வாசல்ல என்ன செருப்பு கிடக்குன்னு பாரு. பக்கத்துக் கடையில பேச்சுக் குடு. வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயம். நீ சரின்னாத்தான் நான் சரிம்பேன்."

சின்னவளுக்கு இதில் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் பெருமைக்காக மட்டும் அவள் போகவில்லை. அவளை வெளிநாட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று அப்பா முரண்டு பிடித்தபோது, மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து சம்மதம் வாங்கிக் கொடுத்தவள் அக்கா. அந்த அக்காவைப் பாழுங்கிணற்றில் தள்ள விடுவாளா?

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் நகரத்தில் இறங்கிவிட்டார்கள். பயணத்துக்கு நிமிஷக் கணக்கில் அட்டவணை போட்டிருந்த தோழிக்கு எல்லோரும் டைம்டேபிள் என்று பெயர் வைத்திருந்தார்கள். பத்து மணிக்குக் கடல், பதினொன்றரைக்குக் கலங்கரை விளக்கம். தலைவலி, நான் வரவில்லை என்றாள் சின்னவள்.

"தலைவலிக்காரி எதுக்குடி தலைய இவ்வளவு படிய வாரற?" என்றாள் டைம்டேபிள்.

"படிய வாரினா வலி குறையும்."

டைம்டேபிள் நம்பவில்லை. ஆனால் அட்டவணையில் சந்தேகப்படுவதற்கு நேரம் ஒதுக்கியிருக்கவில்லை, போய்விட்டாள்.

மாப்பிள்ளை வரச் சொன்னது பதினொன்றுக்கு. பத்துக்கே சின்னவள் அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நின்றாள். மாடிக்கு ஒரே வீடு. வாசலில் தேய்ந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, வேலைக்குப் போட்டுப் போகும் கனமான பூட்ஸ் ஒரு ஜோடி. வேறொன்றும் இல்லை. சத்தம் போடாமல் இறங்கி, எதிரே இருந்த சலவைக் கடையில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து கட்டடத்தின் வாசல் நேராகத் தெரிந்தது.

கடைக்காரம்மாவும் தமிழ் பேசுகிறவள்தான், வாய் சும்மா இருக்காது. "மூணாவது மாடிக்காரரா? அவர் சட்டையில மீன் வாடை போகவே போகாது. ரெண்டு தடவ அலசணும்."

"சிகரெட் வாடை?"

"பையைத் துழாவாம நான் மெஷின்ல எதையும் போடமாட்டேன். ரெண்டு வருஷத்துல அவர் பையில ஒரு தீக்குச்சி கூட சிக்கினதில்ல. ஸ்க்ரூதான் சிக்கும்."

சின்னவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு ஈ காக்கைகூடப் படியேறவில்லை. பதினொன்று அடித்ததும் மேலே போனாள்.

வாசலில் சிவப்பு நிறத்தில், குதிகால் உயர்ந்த பெண் செருப்பு ஒரு ஜோடி இருந்தது.

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அடப்பாவி, உள்ளே எவளையோ வைத்துக்கொண்டா நிச்சயத்துக்கு நாள் குறிக்கிறாய்? பத்து மணிக்கு இல்லாத செருப்பு பதினொன்றுக்கு எப்படி வந்தது என்று கோபத்துக்கு நடுவில்தான் உறைத்தது. குனிந்து ஒன்றைப் புரட்டினாள். அடியில் அளவு போட்ட ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது. முனையில் கசக்கிய காகிதம். படுக்கைக்குள் கூட மணல் வந்துவிடுகிற அந்த ஊரில், அந்தச் செருப்பில் ஒரு மணல்கூட இல்லை.

கதவு திறந்தது. "வாங்க வாங்க," என்றான் மாப்பிள்ளை. குரல் நடுங்கியது. கூடத்தில் மேஜைமேல் ஒரு மதுப் புட்டி, வருகிறவர் கண்ணில் படும்படி நட்டநடுவில். மூடியில் முத்திரை உடையவில்லை. பக்கத்தில் புது சிகரெட் பெட்டி. அவள் உட்கார்ந்ததும் அவசரமாக ஒன்றை எடுத்து வாயில் வைத்து, பஞ்சு இருக்கிற பக்கத்தில் தீயை வைத்தான். ஒரே நாற்றம். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது பாவத்துக்கு.

நல்லவன் மாதிரி நடிக்கிற மாப்பிள்ளைகளைப் பற்றி அப்பா எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருக்கிறார். கெட்டவன் மாதிரி நடிக்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இது எந்த வகை வில்லங்கம்?

"ஒரு மணி நேரமா எதிர்க் கடையிலதான் இருந்தேன். யாரும் படியேறல. அந்தச் செருப்பு தானா நடந்து வந்துச்சா?"

அவன் சிகரெட்டைத் தண்ணீர்க் குவளைக்குள் போட்டான்.

"எங்க அக்காவப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லலாமே. வேற யாரையாவது மனசுல வெச்சுக்கிட்டு இப்படி நாடகம் ஆடறீங்களா?"

"நான் இல்லீங்க," என்றான். "உங்க அக்காதான் போன் பண்ணி இப்படி நடிக்கச் சொல்லிக் கேட்டாங்க."

சின்னவள் நம்பவில்லை. அவன் போனை எடுத்து நீட்டினான். அக்காவின் எண், அக்கா அனுப்பிய செய்திகள். அக்கா மனதில் வேறு ஒருவர் இருக்கிறார். அப்பா சம்மதிக்கமாட்டார். மாப்பிள்ளை வேண்டாமென்றாலும் அப்பா விடமாட்டார், நேரில் வந்து பேசிச் சம்மதிக்க வைத்துவிடுவார். அவரே கண்டுபிடித்த குறையாக இருந்தால்தான் விடுவார். எல்லாவற்றுக்கும் கீழே, நேற்று இரவு வந்த செய்தி: "என் தங்கச்சி வருவா. முதல்ல செருப்பத்தான் பார்ப்பா."

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

அவன் சங்கடப்பட்டான். "நானும் அதத்தான் கேட்டேன். உங்ககிட்ட சொன்னா அது அப்பாகிட்ட சொன்ன மாதிரிதான்னு சொன்னாங்க."

முகம் தெரியாத ஒருவனிடம் அக்கா தன் உயிரான ரகசியத்தைக் கொடுத்திருக்கிறாள். ஒரே கட்டிலில் பதினெட்டு வருஷம் கூடப் படுத்தவளிடம் கொடுக்கவில்லை. சின்னவளுக்கு அழுகை வந்தது. அந்நியன் முன்னால் அழக் கூடாது என்று எழுந்துவிட்டாள்.

"அப்பாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று அவன் வாசல் வரை வந்தான்.

"தெரியல."

"குடிகாரன்னு வேணா சொல்லிக்கங்க. அந்தச் செருப்பு விஷயம் மட்டும் வேண்டாமே. எங்க அம்மா காதுக்குப் போனா உயிரையே விட்டுருவாங்க. செருப்பத் திருப்பிக் குடுத்துருவேன், பில் பத்திரமா இருக்கு." இந்த மனுஷனைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டிக்கொள்ளலாமே என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் துக்கம் இன்னும் கூடியது.

அலைதடுப்புச் சுவரில் டைம்டேபிளும் மற்றவர்களும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் சற்றுத் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். நிறுத்துவதற்கு எத்தனை பொய் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவிடம் அவள் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இரண்டு மணிக்கு அவரே அழைத்தார்.

"என்ன பாப்பா, வில்லங்கம் உண்டா?"

"வீட்டுல பாட்டில் இருந்துச்சுப்பா."

"பாத்தியா?"

"மேஜை மேலயே இருந்துச்சு. சிகரெட்டும் பிடிச்சார், என் முன்னாடியே." சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. சேர்த்துப் பார்த்தால்தான் பொய்.

"நெனச்சேன்!" என்றார் அப்பா. அந்தக் குரலில் சந்தோஷமே இருந்தது. குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. "நீ பாத்துட்டன்னா நான் பாத்த மாதிரி. பெரியவகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடும்மா. பாவம், ஆசைய வளத்துக்கிட்டா."

ஊர் உலகத்தில் யாரையும் நம்பாத மனுஷர், அவளை மட்டும் நம்பினார். அதற்கு அவள் செய்தது இது. அக்காவை அழைத்தாள்.

"அய்யோ, குடிக்கிறாரா? பாத்தா அப்படித் தெரியலையேடி!" என்றாள் அக்கா. விசும்பினாள். மூக்கை உறிஞ்சினாள். "என் தலையெழுத்து" என்றாள். அழுகை ஒன்றும் குறை சொல்லும்படி இல்லை. இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று சின்னவள் காத்திருந்தாள். அக்கா இன்னொரு முறை மூக்கை உறிஞ்சினாள்.

"போதும்க்கா. பாட்டில் மூடிகூடத் திறக்கல. அவர் எல்லாத்தையும் சொல்லிட்டார். தெரிஞ்சேதான் அப்பாகிட்ட அப்படிச் சொன்னேன்."

அழுகை சட்டென்று நின்றது. மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அந்த ஒருவர் யார் என்று இனி அக்கா சொல்லுவாள், தங்கமே என்பாள், திட்டவாவது செய்வாள் என்று சின்னவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அக்காவின் குரல் வந்தது. அளந்து அளந்து, அப்பாவிடம் பேசுகிற மாதிரி வந்தது.

"சரி. அப்பாகிட்ட இதச் சொல்லாம இருக்கறதுக்கு உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்க்கா" என்றாள் சின்னவள்.

"இல்ல, பரவாயில்ல. சொல்லு," என்றாள் அக்கா.