முன்சக்கரத்துக்குப் போகும் வயர்

மலைச்சரிவில் தேனீப் பெட்டிகள் வைத்திருந்தவருக்கு, நாலு சக்கரமும் இழுத்து மேட்டிலும் சேற்றிலும் ஏறும் ஒரு திறந்த வண்டிதான் கையும் காலும். ஒருநாள் அதன் முன்சக்கரங்கள் இழுக்க மறுத்துவிட்டன. முன்பக்க கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்ன விலைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். அதனால் அவரே ஒரு டெஸ்ட் பல்பை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினார்.

முன்சக்கரத்தை இழுக்க வைக்கும் ஸ்விட்ச் வரை கரண்ட் வந்தது; முன்சக்கரத்துக்குப் போகவில்லை. வயரைத் தடவிக்கொண்டே போனவர் சீட்டுக்கடியில் திடுக்கிட்டு நின்றார். வயர் இரண்டு துண்டாகக் கிடந்தது. எலி கடித்திருந்தால் பிய்ந்திருக்கும். இது கத்தரித்த வெட்டு.

"எந்தப் பாவி பண்ண வேலை இது!" என்று கத்தினார்.

வாசலில் நின்ற மனைவி, "நான்தான்" என்றாள்.

"நீயா?"

"போன வாரம் மேல் சரிவுல வண்டி சாஞ்சு ரெண்டு சக்கரத்துல நின்னுச்சே, ஜன்னல்லேருந்து பார்த்தேன். உயிரே போயிடுச்சு. சொன்னா கேக்கிற ஆளா நீங்க? அதான் வண்டி ஏறாமப் பண்ணிட்டேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று மயிரிழையில் தப்பியது தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தார். வந்தது கோபமா பயமா என்று அவருக்கே விளங்கவில்லை.

வயரை முறுக்கி டேப் சுற்றியதும் நாலு சக்கரமும் சுழன்றன. ஆனாலும் மேல் சரிவுக்கு அவர் வண்டியை ஓட்டவில்லை. அங்கிருந்த பெட்டிகளை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, திட்டிக்கொண்டே கீழே இறக்கினார்கள்.