குளக்கரையில் சிறு கை

குளத்தின் பளிங்கு விளிம்பில் பதிந்திருந்த சேற்றுக் கையை நஸீரா முதன்முதலில் கண்டபோது, அது தன் மகளுடையது என்றே எண்ணினாள். ஐந்து விரல்களும் தனித்தனியே விரிந்திருந்தன. உள்ளங்கை அழுந்திய இடத்தில் சேறு இன்னும் ஈரமாக இருந்தது. ஜனவரி மாதத்து மூடுபனி முற்றத்தை மறைத்திருந்த காலை அது. சுபுஹுத் தொழுகையை முடித்து மீன்களுக்கு இரை போட வந்தவள், இரைக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். நான்கு வயது ஹிஃப்ஸா போர்வைக்குள் சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் இரு கைகளையும் நஸீரா முகர்ந்து பார்த்தாள். முந்திய நாள் இரவு கழுவிவிட்ட சோப்பின் மணம் அப்படியே இருந்தது.

அந்தக் குளம் அவர்கள் வெட்டியதன்று. ஷார்ஜாவில், முவைலாவின் கடைத்தெருக்களைத் தாண்டியிருந்த அந்தப் பழைய வில்லாவின் உரிமையாளரான அரபுப் பெரியவர், தம் தாயாருக்காக அதைக் கட்டுவித்திருந்தார். நீளத்தில் ஒரு கட்டிலைவிடச் சற்றே பெரியது, ஆழத்தில் இடுப்பளவு. சிவப்பும் வெள்ளையுமாக அழகுமீன்கள் அதில் வளர்ந்தன. மீன்களை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே வீட்டை வாடகைக்கு விடும்போது அவர் விதித்த ஒரே நிபந்தனை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் வருவார். கரையில் நாற்காலி போட்டு மீன்களைப் பார்த்தபடி அமர்ந்திருந்துவிட்டுப் போவார். குளத்தை மூடிவிடலாமா என்று அவரிடம் கேட்க நஸீராவின் கணவன் அஸ்கர் அலிக்கு வாய் வரவில்லை. நீந்தத் தெரியாத பிள்ளைக்கும் அந்த நீருக்கும் இடையே ஒரு சமையலறைக் கதவும் அதன் தாழ்ப்பாளும் மட்டுமே இருந்தன.

அஸ்கர் அலிக்குச் சொந்தமாக ஒரு பக்காலா இருந்தது. மளிகைக் கடையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். தொழிலாளர் கேம்ப்புகளிலிருந்து டூட்டிக்குப் போகும் பேருந்துகள் புறப்படுவதற்கு முன்பே கடை திறந்திருக்க வேண்டும். ஆகையால் அவன் விடியுமுன் கிளம்பிவிடுவான். விடியற்காலையின் அச்சங்கள் யாவும் நஸீராவின் பங்குக்கு வந்தன.

ஹிஃப்ஸா விழித்ததும் விசாரணை தொடங்கியது. தாழ்ப்பாளைத் திறந்தாயா, குளத்தைத் தொட்டாயா என்று தாய் கேட்டதற்கெல்லாம் பிள்ளை தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள்.

"நான் இல்ல உம்மா. அந்த பேபிதான். டெய்லி வந்து கை கழுவுது."

"எந்த பேபி?"

"கண்ணுல சுருமா போட்ட பேபி."

நஸீரா மகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். காய்ந்துகொண்டிருந்த தடத்தின் அருகே பிள்ளையின் கையை விரித்து வைத்துப் பார்த்தாள். தடம் அந்தக் கையில் பாதியளவுதான் இருந்தது. தன் மகள் குளத்துக்குப் போகவில்லை என்ற ஆறுதல் அவளுக்கு ஒரு மூச்சு நேரம்கூட நீடிக்கவில்லை. ஹிஃப்ஸாவைவிடச் சிறிய பிள்ளை ஒன்று அந்த ஆழத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அவள் மனம் உடனே கணக்கிட்டுவிட்டது.

மதியம் சாப்பிட வந்த அஸ்கர் அலி சிரித்தான். மீன்கள் குறைந்து வருவதும், தின்று மீந்த மீன்தலை ஒன்று செடியடியில் கிடந்ததும் அவனுக்குத் தெரியும்.

"பூனையா இருக்கும். இல்லாட்டி கொக்கு. பேயா இருந்தா, பச்சை மீனைத் திங்காதே, கடைக்கு வா, நல்ல மாசிக் கருவாடு தாரேன்னு சொல்லு."

ஆயினும் அவன் வேலையைச் சரியாகவே செய்தான். கட்டட சைட்டுகளில் கட்டும் பச்சை வலையை வாங்கி வந்து குளத்தின் மேல் இழுத்து விரித்தான். நான்கு பக்கமும் செங்கற்களை அடுக்கினான். மீன்கள் ஒளிந்துகொள்வதற்காக அகலமான பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை அடியில் இறக்கினான். மறுநாள் காலை ஒரு பக்கத்துச் செங்கற்கள் விலக்கி வைக்கப்பட்டிருந்தன. வலை ஒதுக்கப்பட்டு, பெரிய செம்மீன் ஒன்று காணாமற்போயிருந்தது. பூனை செங்கல்லை நகர்த்துவதில்லை. கொக்குக்கு விரல்கள் இல்லை. அன்று அஸ்கர் அலி சிரிக்கவில்லை. அசைவு தென்பட்டால் தானே எரியும் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் பொருத்தினான்.

அந்த விளக்கு எரிந்தபோதுதான் நஸீரா அதைக் கண்டாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வெண்மையாக ஒளிர்ந்தது. அதன் நடுவே, தவழும் பருவத்துப் பிள்ளையின் அளவில், கூனிய முதுகுடன் ஓர் உருவம் கரையில் உட்கார்ந்திருந்தது. அதன் இரு கைகளும் நீருக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்தன. ஆயத்துல் குர்ஸியை ஓதியபடியே அவள் தாழ்ப்பாளை நீக்கினாள். அந்தச் சத்தத்துக்கே உருவம் மறைந்துவிட்டது. ஈரத் தடங்கள் சுவரை நோக்கிச் சென்று, மழைநீர் போவதற்காகச் சுவரடியில் விட்டிருந்த துவாரத்தில் முடிந்தன.

சுவருக்கு அப்பாலிருந்த வில்லாவின் ஜன்னல்கள் அனைத்தும் உட்புறமாகக் காகிதம் ஒட்டி மறைக்கப்பட்டிருந்தன. அதன் காவலாளி பாலகுரு கமுதிப் பக்கத்தவன். இவர்கள் கீழக்கரை என்று அறிந்த நாள்முதல், ஒரே மாவட்டத்துக்காரர் என்ற உரிமையில் நஸீராவை அக்கா என்றே அழைத்துவந்தான். அன்று காலையிலேயே அவள் அவனிடம் சென்றாள்.

"தம்பி, ஒங்க வில்லாவுல கைக்கொழந்தை ஏதும் இருக்கா?"

அவன் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தான்.

"கொழந்தையா? மாஃபி, அப்புடி ஒண்ணும் இல்லக்கா. ஏன் கேக்குறீக?"

"செவுத்து ஓட்டை வழியா எங்க குளத்துக்கு வருது."

பாலகுரு தெருவின் இரு பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க ஒண்ணையும் பாக்கலக்கா. நானும் பாக்கல. கலாஸ், இத்தோட முடிஞ்சுச்சு. வெளிய பேச்சு வந்துச்சுன்னா எங்களுக்கெல்லாம் ஜெயிலுதான்."

அந்த முகத்தைக் கண்டபின் நஸீராவுக்கு ஐயமே இல்லை. கணவன் இல்லாமல் பிள்ளை பெற்று, அதை அறைக்குள் மறைத்து வளர்க்கும் பணிப்பெண்களைப் பற்றி, பெண்கள் கூடுமிடங்களில் அவள் கேட்டிருந்தாள். அக்கதைகளில் எவ்வளவு உண்மை என்பதை யாரும் விசாரித்ததில்லை; ஆனால் கேட்டவர் எல்லோரும் நம்பினர். அப்படிப்பட்ட ஒருத்தி அந்தக் காகித ஜன்னல்களுக்குப் பின்னால் இருக்கிறாள். அவள் வேலையில் முடங்கியிருக்கும் நேரத்தில் பிள்ளை பசியோடு தவழ்ந்து வந்து பச்சை மீனைத் தின்கிறது. போலீசுக்குச் சொன்னால் தாய் ஒரு பக்கமும் சேய் ஒரு பக்கமுமாகப் போய்விடும். கணவனிடம் சொன்னால் அவன் வீட்டுக்காரரிடம் சொல்லுவான். ஆகவே நஸீரா ஒருவரிடமும் சொல்லவில்லை.

வலையில் பிள்ளையின் கால் சிக்கி மூழ்கிவிடக்கூடும் என்று, அஸ்கர் அலி கிளம்பியதும் வலையைச் சுருட்டி எடுத்தாள்; மதியம் அவன் வருமுன் மறுபடி விரித்துவைத்தாள். வெளிச்சம் கண்டு பயப்படும் என்று விளக்கை அணைத்து வைத்தாள். கரையில் ஒரு தட்டில் ரொட்டியும் வாழைப்பழமும் அவித்த முட்டையும் வைத்தாள். தட்டு நாள்தோறும் காலியாயிற்று. ரொட்டித் துணுக்குகள் குளத்தில் மிதந்தன. பல் முழுவதும் முளைக்காத வாய்க்கு நனைத்துத் தின்பதுதான் எளிது என்று எண்ணி அவள் கண் கலங்கினாள். எனினும் ஒவ்வொரு விடியலிலும் கதவைத் திறந்ததும், தட்டைப் பார்ப்பதற்கு முன் நீரைத்தான் பார்ப்பாள். ஒரு சிறு உடல் மிதக்கிறதா என்று தேடுவாள். இல்லை என்று கண்ட பிறகுதான் மூச்சு விடுவாள்.

பிள்ளையைக் குளத்திலிருந்து பிரிக்க அவளுக்கு ஒரு வழி தோன்றியது. தட்டைச் சிறிது சிறிதாக வீட்டை நோக்கி நகர்த்தினாள். கரையிலிருந்து செடியோரத்துக்கும், செடியோரத்திலிருந்து சமையலறைப் படிக்கும் அது வந்து சேர்ந்தது. படிவரை வந்து பழகிய பிள்ளையை ஒரு நாள் கையில் எடுத்துவிடலாம் என்பது அவள் திட்டம்.

அந்த நாள் வேறு விதமாக வந்தது. அவள் தொழுகையில் நின்றிருந்தாள். சமையலறையில் முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அடுத்துத் தாழ்ப்பாள் விலகும் சத்தம். இரண்டாம் ரக்அத்தின் நடுவில் அவள் தொழுகையை முறித்துக்கொண்டு ஓடினாள்.

ஹிஃப்ஸா படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, ஒரு முழம்கூட இடைவெளியில்லாமல், அது உட்கார்ந்திருந்தது. கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டை ஓடியது. முகம் கூராக முன்னே நீண்டிருந்தது. பின்னால் வளையம் வளையமாகக் கோடு போட்ட தடித்த வால் தரையில் கிடந்தது. அதன் மெல்லிய கறுத்த விரல்கள் ஹிஃப்ஸாவின் மணிக்கட்டைப் பற்றியிருந்தன. அவ்வாறான ஒரு விலங்கை நஸீரா தன் வாழ்நாளில் கண்டதில்லை. அதற்குத் தன் மொழியில் பெயர் உண்டா என்பதும் அவளுக்குத் தெரியாது. கையிலிருந்த ரொட்டியைப் பிள்ளை விளையாட்டாக முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அது தலையைத் தாழ்த்திக் கடித்தது.

நஸீரா மகளை வாரி எடுத்தாள். பெருவிரலின் அடியிலிருந்து இரத்தம் வழிந்தது. அந்த விலங்கு ஓடவில்லை. விழுந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு குளத்துக்கு நடந்து சென்று, நனைத்து, நிதானமாகத் தின்றது.

அவள் போய்த் தட்டியதும் அடுத்த வில்லாவின் கதவைப் பாலகுரு திறந்தான். பிள்ளையின் கையைப் பார்த்ததும் உண்மையைச் சொன்னான்.

"அது ரக்கூன்க்கா. மொதலாளி வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்தது. பெர்மிட்டு கெடையாது. கூண்டுலேர்ந்து தப்பிச்சிருச்சு; சொன்னா என்னையக் கொன்னுருவாருன்னு நானும் மறைச்சுட்டேன்."

"அதுக்கு ஊசி போட்டிருக்கா?"

"தெரியாதுக்கா."

"தெரியாதா?"

"பூனை கடிச்சிருச்சுன்னு சொல்லிருங்கக்கா. எல்லாத்துக்கும் ஒரே ஊசிதானாம்."

"ஒரே ஊசின்னு ஒனக்கு யாரு சொன்னா?"

மருத்துவமனைக்கு வந்து நடந்ததைச் சொல் என்று அவள் கேட்டாள். உடுப்பு மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லி அவன் உள்ளே போனான். அவள் வாசலில் நின்றாள். கதவு மறுபடி திறக்கவேயில்லை. பிள்ளையின் இரத்தம் தன் முழங்கைவரை இறங்கிய பிறகு, காத்திருந்தது போதும் என்று அவள் டாக்ஸியை நிறுத்தினாள்.

மருத்துவரிடம் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த விலங்கின் பெயரையும் அடுத்த வில்லாவையும் சொன்னாள். அவர்கள் காயத்தைச் சோப்பு நீரால் நெடுநேரம் கழுவினார்கள். காயத்தைச் சுற்றி ஊசி போட்டபோது ஹிஃப்ஸா அலறிய அலறலைக் கடையிலிருந்து ஓடி வந்த அஸ்கர் அலி வெளியிலிருந்தே கேட்டான். நடந்ததை நஸீரா முழுவதும் கூறினாள்.

"சோறு வச்சு நீயே கூப்பிட்டிருக்கியே" என்றான். பின் அவனே உடைந்து அழுதான்.

அதிகாரிகள் அந்த வில்லாவைத் திறந்தார்கள். உள்ளே கூண்டுகள் இருந்தன. பாலகுரு இல்லை. சுவரடியில் வைத்த பொறிக்கூண்டில் பூனை ஒன்றுதான் விழுந்தது, ரக்கூன் அகப்படவேயில்லை. வெள்ளிக்கிழமை வந்த அரபுப் பெரியவர் செய்தியைக் கேட்டதும், மிஞ்சிய மீன்களை எடுத்துச் சென்று குளத்தை மண்ணிட்டு மூடச் செய்தார். சிறு பிள்ளை இருக்கும் வீடு, கேட்டிருந்தால் முன்பே மூடியிருப்பேனே என்றும் சொன்னார்.

ஊசிகள் உரிய காலத்தில் தொடங்கிவிட்டன, அச்சம் வேண்டாம் என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொன்னார். விலங்கு அகப்பட்டிருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்பேன் என்பதையும் சேர்த்தே சொன்னார். வெறிநாய்க்கடி நோய் தொடங்கினால் எப்படித் தெரியும் என்று நஸீரா வற்புறுத்திக் கேட்டபோது, தண்ணீரை விழுங்க முடியாது என்று தயங்கிக்கொண்டே கூறினார். தொடங்கிவிட்டால் மருந்து உண்டா என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதமே போதுமானதாக இருந்தது.

வெயில் காலம் வந்துவிட்டது. காயம் ஆறி ஒரு வெளிறிய கோடாயிற்று. நஸீரா காலையில் எழுந்ததும் தம்ளரில் தண்ணீர் மொண்டு மகளை எழுப்புகிறாள். ஹிஃப்ஸா அரைத்தூக்கத்தில் குடிக்கிறாள். அந்தச் சிறு தொண்டை ஏறி இறங்குவதைத் தாய் கண்கொட்டாமல் பார்க்கிறாள்.

"போதும் உம்மா."

"இன்னும் ஒரு வாய்."

"தாகம் இல்ல உம்மா."

நஸீரா தம்ளரைக் கீழே வைக்கவில்லை. தாகமில்லாததால் வேண்டாம் என்கிறாளா, விழுங்க முடியாமலா என்பதை அறிய அவளுக்கு வேறு வழியில்லை.

"ஒரே ஒரு வாய்" என்றாள்.