சால்னாவுக்கு உப்பு பார்த்தவன்

1

இந்தக் கதை எலியேசரின் அச்சகத்தில் பிறந்தது. ஆனித் திருவிழாவுக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்காகச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார். அதில் ‘திருநெல்வேலியில் போய்ச் சாப்பிட வேண்டிய பத்துக் கடை’ என்று ஒரு பக்கம். அதை நான் எழுத வேண்டுமாம்.

“அஞ்சாங் கிளாஸத் தாண்டாதவன்ட்ட வந்து கேக்கீரே வே?”

“படிச்சவன் முன்வாசல் வழியா போயித் திங்கான். நீரு முப்பது வருசமா பின்வாசல் வழியா விறகு போடுதீரு. எந்த அடுப்படில என்ன நடக்குன்னு உமக்குத்தான தெரியும்?”

அது உண்மை. முன்வாசலில் சாமி படம் இருக்கும், ஊதுபத்தி இருக்கும். கரப்பான்பூச்சி பின்னால்தான் இருக்கும்.

2

முதல் தொடக்கம்: “தாமிரபரணித் தண்ணீருக்கென்று ஒரு ருசி...”

அடித்துவிட்டேன். எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். தண்ணீர்தான் காரணம் என்றால் ஊரில் எல்லாக் கடையும் நன்றாக இருக்க வேண்டுமே!

இரண்டாம் தொடக்கம்: “டவுன் தேரடிப் பக்கம் ஒரு சைவக் கடை. காலை ஆறு மணிக்குப் போனால் இட்லி பஞ்சு. ஒன்பது மணிக்குப் போனால்”

வேண்டாம். முதலாளி எனக்குச் சொந்தம்.

மூன்றாவது: வண்ணார்பேட்டையில் ஒரு பிராந்திக் கடை. அதன் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்ட பார். அங்கே இசக்கி நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொடுப்பார். குடிக்காதவர்களும் போகலாம். (நான் குடிக்காதவன் அல்ல.) இசக்கி யாரையும் ஏமாற்ற மாட்டார். ஏமாற்றுகிற அளவுக்கு அவருக்குப் பொறுமை கிடையாது. இதை மட்டும் நம்பிப் போங்கள். ஒன்று ஆயிற்று.

இன்னும் ஒன்பது. அடுத்ததாக மேலப்பாளையத்தில் ஒரு பரோட்டாக் கடையை எழுத உட்கார்ந்தேன். நான்கு நாளாக வேறு எதையும் எழுத முடியவில்லை.

3

அந்தக் கடையின் மாஸ்டர் காஜா முகைதீன். முதலாளி தாஜ் முகம்மது, துபாயில் இருந்துவிட்டு வந்தவர். (இரண்டும் உண்மையான பெயர்கள் அல்ல. வருஷக் கணக்கையும் பேச்சையும்கூட ஆள் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.)

காஜா இருபத்தாறு வருஷமாக அதே கல்லுக்கு முன்னால் நிற்கிறார். பரோட்டாவை யார் வேண்டுமானாலும் வீசலாம். அதற்கு ஊற்றுகிற சால்னாதான் கடையைத் தாங்கி நிறுத்துவது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் விறகை இறக்கிக்கொண்டிருந்தேன். கரண்டியில் கொஞ்சம் எடுத்து என் உள்ளங்கையில் ஊற்றினார்.

“உப்பு பாருங்க அண்ணாச்சி.”

பார்த்தேன். சரியாக இருந்தது. மறுநாளும் ஊற்றினார். மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன்.

“ஏலே, ஒனக்கு நாக்கு இல்லையா?”

“இல்ல அண்ணாச்சி. அந்த விசக்காய்ச்சல்ல போச்சு. எதைத் தின்னாலும் சாக்குத் துணியத் தின்ன மாதிரி இருக்கு. வீட்ல கூடச் சொல்லல. யார்ட்டயும் சொல்லிராதீங்க.”

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் உப்பு பார்த்தேன். முதலாளி பக்கத்தில் இருந்தால் வாயைத் திறக்க மாட்டேன். தலையாட்டினால் சரி, மூக்கைச் சொறிந்தால் உப்பு வேண்டும்.*

(* அளந்து போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். “எலும்பு தெனம் ஒண்ணு போலயா வருது? அளந்து போடுததுக்கு இது என்ன மருந்தா?” என்றார்.)

மூன்று வருஷம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சால்னாவைக் குடித்துவிட்டுக் “காஜா கைக்குத் தங்க வளையல் போடணும்” என்று ஆட்கள் சொல்லும்போது, பின்வாசலில் நின்றுகொண்டு எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் இருக்கட்டும்.

4

பங்குனியில் டாக்டர் எனக்கு ரத்தக்கொதிப்பு என்றார். என் வீட்டுக்காரி பாலம்மாள் அன்றைக்கே உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டாள். ஒரு மாசம் உப்பில்லாமல் தின்ற நாக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

என் வாய்க்கு ஒரு கல் உப்பே கரித்தது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடையில் ஆட்கள் மேஜையிலிருந்த உப்புக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒருநாள் தாஜ் முகம்மது அடுப்படிக்கு வந்தார்.

“காஜா, ஒரு மாசமா சால்னா சப்புன்னு இருக்கே. வயசாவுதோ? காயல்பட்டினத்துல ஒரு மாஸ்டரு இருக்காராம். இந்த மாசம் பாப்பேன். சரியாகலன்னா அவர வரச் சொல்லிருவேன், பாத்துக்கிடும்.”

அவர் போனதும் நான் காஜாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன்.

“ஒங்களுக்கு ரத்தக்கொதிப்பா? ஏன் அண்ணாச்சி என்ட்ட சொல்லல?”

“லே, ஒன் பொழப்பு போகப்போவுது. நீ என் கொதிப்பக் கேக்க?”

“பொழப்பு கெடக்கட்டும். எம் பிள்ளைகள் சம்பாதிக்கி, கஞ்சி ஊத்திரும். ஆனா இந்தக் கல்லு முன்னால நிக்காட்டி நான் யாருன்னு எனக்கே தெரியாது அண்ணாச்சி. அதுக்காக நீங்க உப்பத் தின்னுராதீங்க.”

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: நான் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவர் நல்லவர், இரக்கப்பட்டு வைத்துக்கொள்வார். ஆனால் இரக்கத்துக்கு நிற்கிறவர் இல்லை காஜா. மறுநாளே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். அடித்துவிட்டேன்.

இரண்டு: நாக்கைத் திருப்புவதற்காக நான் இசக்கியிடம் போய்க் கருவாடு தின்கிறேன். இது கதை இல்லை, மூன்று நாள் தின்றேன். நான்காம் நாள் விறகு வண்டிக்குப் பக்கத்தில் தலைசுற்றி விழுந்தேன். பாலம்மாள் வந்து என் சட்டையை மோந்து பார்த்தாள்.

“யாருக்காவ இந்தக் கருவாட்டத் தின்னீரு?”

சொன்னேன்.

“அந்த மனுசன் பாவம்தான். ஆனா நீரு செத்தா எனக்கு யாரு உப்பு பாப்பா?”

அதற்கு நான்

(இந்த வாக்கியம் வரவில்லை. விட்டுவிட்டேன். இனிமேல் உப்பு தின்ன மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.)

மூன்று: காஜாவுக்கு நாக்கு திரும்பிவிடுகிறது. இப்படி எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். நான் நம்ப மாட்டேன்.

6

எலியேசருக்குப் பத்துக் கடை கிடைக்காது. இந்தத் தாளைத்தான் கொடுக்கப்போகிறேன். தாஜ் முகம்மதும் படிப்பார். அவரைப் போலத் துபாயிலிருந்து வந்து கடை வைத்த முதலாளிகள் மேலப்பாளையத்தில் ஏழெட்டுப் பேர் உண்டு. விறகடுப்பில் சால்னா கொதிக்கிற கடைகளும் ஏழெட்டு உண்டு, எல்லாவற்றுக்கும் விறகு போடுகிறவன் நான்தான். ஒவ்வொருவரும் தன் மாஸ்டரைச் சந்தேகமாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

வெளியூர்க்காரர்களே, உங்களை எனக்குத் தெரியாது. தெரியாதவர்களை நான் நம்புவதும் இல்லை. ஆனால் ஒரு மாசம் உப்பில்லாமல் தின்றவர்கள் உங்களில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அது போதும்.

அந்த எல்லாக் கடைக்கும் போங்கள். ஐந்து மணிக்கே போய் முதல் ஆளாக உட்காருங்கள். சால்னா வந்ததும் ஒரு வாய் குடியுங்கள். உப்பு குறைந்தால், கிண்ணத்தை இழுக்காதீர்கள். எழுந்து பின்பக்கம் போய் மாஸ்டரின் காதில் பைய சொல்லுங்கள். சரியாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். பாவப்பட்டுப் பொய் மட்டும் சொல்லாதீர்கள், சால்னா கெட்டுவிடும்.

முக்கால்வாசி மாஸ்டர்கள் “எனக்கே சொல்லித் தாரியோ?” என்று உங்களைத் திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் திட்டாமல், உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.