மெர்சிக்கு ஒரு டம்ளர் பாதாம் பால்

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் 'புற்றுநோயை வென்ற வீராங்கனை'க்குப் பாராட்டு விழா. வீராங்கனை, பேக்கிங் பிரிவு மெர்சி. அடிவயிற்றில் கரண்ட் என்கிற கதிர்வீச்சு சிகிச்சை வைத்து முடித்து வேலைக்குத் திரும்பியவள் கேட்டதெல்லாம் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஓர் இடம். அதற்குப் பதிலாக நிர்வாகம் விழா எடுத்தது.

மேலாளர் சந்திரமோகன் மன உறுதியைப் பற்றி அரை மணி நேரம் முழங்கிவிட்டு, கேமராவைப் பார்த்தபடியே பாதாம் பாலை அவள் வாயருகே நீட்டினார்.

"வேணாம் சார். கரண்ட் வச்சதுல கொடலோட உள்தோல் வெந்துபூட்ச்சி. பாலைச் செரிக்கிற என்சைம் இப்ப சரியா சொரக்கலன்னு டாக்டரம்மா சொன்னாங்க. குடிச்சா வயித்தால போவும்."

"அதெல்லாம் மனசுலதாம்மா இருக்கு. போட்டோவுக்கு ஒரே ஒரு வாய்."

மெர்சிக்கு வயிறு எரிந்தது; இந்த முறை கரண்ட்டினால் அல்ல. டம்ளரை வாங்கி அவர் கையிலேயே திணித்தாள்.

"நீங்களே குடிங்க சார். ஒங்களுக்குத்தான் எதுவும் செரிக்கும்."

மறுநாள் கம்பெனி வாசலில் பேனர்: 'மன உறுதியின் சிகரம்'. படத்தில் பால் டம்ளரோடு சந்திரமோகன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். மெர்சி அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய், யாரையும் கேட்காமல், தன் மேசையைக் கழிப்பறை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.